மலேசியாவில் அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வைத்தியம் என்கிறார்கள். பிறகு ஏன் மக்கள் மெடிக்கல் கார்டுக்கு, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதிக்கு, மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்? எங்கே போவது நல்லது?

ஒரு வெள்ளி என்பது உண்மைதான். குடிமக்கள் அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போனால் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. டாக்டர் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரைத் தொடர்ந்து பார்க்க 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் ஒரு நாளைக்கு 3 வெள்ளி. எவ்வளவு நாள் இருந்தாலும் மூன்றாம் வகுப்புக் கட்டணம் 500 வெள்ளியைத் தாண்டாது என்று ஓர் உச்சவரம்பும் உண்டு. 1982ஆம் ஆண்டுக் கட்டண ஆணையை ஒட்டித்தான் இன்றுவரை இது நடக்கிறது. மீதிச் செலவெல்லாம் வரிப்பணம்.

அப்படியிருந்தும் ஏன் கார்டு வாங்குகிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது வைத்தியத்தை அல்ல, நேரத்தை. இதை நான் ஒரே இரவில் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன், அப்பாவுக்கு அப்போது 58 வயது. வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு நெஞ்சை அழுத்துகிறது என்று எழுப்பினார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். பத்தே நிமிடத்தில் ஈசிஜி எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். உடனே கவுண்டரில் மெடிக்கல் கார்டைக் கொடுத்தேன். ஆறு வருடமாக ஒரு மாதம் தவறாமல் கட்டிய கார்டு.

காப்புறுதி நிறுவனத்திலிருந்து உத்தரவாதக் கடிதம் வர வேண்டும். இங்கே எல்லாரும் ஜிஎல் என்பார்கள். அது வந்தால்தான் வார்டு. விடியற்காலை நாலு மணிக்குப் பதில் வந்தது: நோயாளிக்கு ஏற்கெனவே நீரிழிவு உள்ளது, விண்ணப்பத்தில் அது குறிப்பிடப்படவில்லை, எனவே ஜிஎல் இப்போதைக்குத் தர முடியாது. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது ஏஜெண்டுக்குத் தெரியும். "அதெல்லாம் எழுத வேண்டாம், தம்பி" என்று சொன்னதே அவர்தான். கையெழுத்துப் போட்டது நாங்கள். கார்டு இல்லாமல் சேர்ப்பதானால் முன்பணம் கேட்டார்கள். ஆஞ்சியோ செய்து, அடைப்பை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தால் மொத்தம் 30,000 வெள்ளிக்கு மேல் ஆகலாம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள். என் சேமிப்பு 9,000.

அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொன்னோம். உயிருக்கு ஆபத்து வராத நிலைக்குக் கொண்டுவந்து, கடிதம் எழுதி, ஆம்புலன்சில் அனுப்பினார்கள். ஆம்புலன்சுக்கு நாங்கள்தான் பணம் கட்டினோம்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மூன்று மண்டலங்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை. பச்சை என்றால் காத்திருக்க வேண்டியதுதான். இடுப்பு வலியோடு வந்த ஓர் ஐயா இரவு பத்து மணியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே இருந்தார். அப்பாவை நேரே சிவப்புக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். முன்பணம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அடையாள அட்டையை மட்டும் கேட்டார்கள். ஊசி போட்ட டாக்டர் ஒரு தமிழ்ப்பெண், என்னைவிடச் சின்னவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, மூச்சை இழுத்து விடுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். அவர் ஒப்பந்த டாக்டர் என்பது பிறகுதான் தெரிந்தது. 2016இலிருந்து புதிய டாக்டர்கள் நிரந்தர வேலைக்குப் பதிலாக ஒப்பந்தத்தில்தான் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26 அன்று, கோவிட் உச்சத்தில் இருந்த நேரத்தில், அவர்கள் நிரந்தர வேலை கேட்டு, வெள்ளைக்கோட்டை விட்டுக் கறுப்பு உடையில் மருத்துவமனை வாசலில் நின்றது நினைவிருக்கும். இப்படிப்பட்டவர்கள் தனியாருக்கோ சிங்கப்பூருக்கோ போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. கட்டடமும் கருவியும் இருந்தால் போதாது, விடியற்காலை அஞ்சு மணிக்குக் கையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

வார்டில் ஐந்து இரவு. ஒரு பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், மேலே மின்விசிறி, பார்வையாளர் நேரம் முடிந்ததும் மிஸ்ஸி (நர்ஸ்) வந்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார். சாப்பாடு, மருந்து, ஸ்கேன் எல்லாம் சேர்த்து வீட்டுக்குப் போகும் நாளில் பில் வந்தது. எண்பது வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா அந்தத் தாளை இன்னும் சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னதாகும். அதற்குப் பிறகு ஆஞ்சியோகிராமுக்குத் தேதி கிடைத்தது ஐந்து மாதம் கழித்து. அந்த ஐந்து மாதமும் அப்பா மாடிப்படி ஏறினாலே அம்மாவின் முகம் மாறிவிடும். ஒரு தடவை தேதி தள்ளிப் போனது. தனியாரில் அடுத்த நாளே செய்திருப்பார்கள். இந்த ஐந்து மாதத்துக்குத்தான் மக்கள் கார்டு வாங்குகிறார்கள். அது தப்பில்லை.

கார்டுக்கும் இப்போது சிக்கல் வந்திருக்கிறது. 2024இல் பலருக்குப் பிரீமியம் ஒரேயடியாக 40, 50 விழுக்காடு, சிலருக்கு அதற்கும் மேல் கூடியது. பெரிய கூச்சல் எழுந்து, டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது: ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும் என்றது. இதற்கு அடியில் இருக்கும் காரணம் கொஞ்சம் பேசப்பட வேண்டியது. தனியார் டாக்டரின் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது, 2006 விதிமுறைகளின் 13ஆம் அட்டவணை. ஆனால் மருத்துவமனை போடும் மற்றக் கட்டணங்களுக்கு, அதாவது அறை, மருந்து, கையுறை, ஊசி, கருவி இவற்றுக்கு, அப்படி ஓர் அட்டவணை இல்லை. பில்லில் பெரிய பங்கு அதுதான். தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையை எழுதி வைக்க வேண்டும் என்பதே 2025 மே 1இல்தான் கட்டாயமானது. கார்டு வைத்திருப்பவர் பில்லைப் படிப்பதில்லை, நிறுவனம் கட்டிவிடும் என்று விட்டுவிடுகிறார். அடுத்த வருடம் அதுவே பிரீமியமாகத் திரும்பி வருகிறது. வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். அறுபது வயதில், சம்பளம் நின்ற பிறகு, கார்டை விட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்கு வருபவர்கள் ஏராளம். நோய் அதிகமாகும் வயதும் அதுதான்.

சரி, எங்கே போவது? என் பதில்: கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசு கிளினிக்கில் உங்கள் பெயரில் ஒரு ஃபைல் இருக்க வேண்டும். முக்கியமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு. நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். தேசிய சுகாதார ஆய்வில் 2023இல் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதில் இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். டயாலிசிஸ் வரை போவதில் பெரும்பாலானவை இதில்தான் தொடங்குகின்றன. அரசு கிளினிக்கில் மூன்று மாத சர்க்கரை அளவு, கண் படம், கால் சோதனை எல்லாம் செய்வார்கள். அரசின் மைசெஜாத்ரா செயலியில் நேரம் பதிந்துவிட்டுப் போனால் விடியற்காலையே போய் நிற்கத் தேவையில்லை. மருந்தை ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் வாங்க வேண்டும் என்பதுமில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசு கிளினிக்குக்கு மாற்றித் தரச் சொல்லலாம், தபாலில் வரவழைக்கலாம், சில இடங்களில் காரை விட்டு இறங்காமலே வாங்கலாம். இதெல்லாம் கவுண்டரில் கேட்டால்தான் சொல்வார்கள், தானாகச் சொல்ல அவர்களுக்கு நேரம் கிடையாது.

அவசரமாக என்ன நோய் என்று தெரிய வேண்டும், கட்டி இருக்கிறது, ஸ்கேனுக்கு இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்றால், ஸ்கேனை மட்டும் தனியாரில் எடுங்கள். சில நூறு வெள்ளியிலிருந்து ஆயிரம் சொச்சம் ஆகும். அந்த முடிவோடும் கடிதத்தோடும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தனியாரில் செய்த சோதனை விவரம் அரசுக் கணினிக்குத் தானாகப் போகாது. எல்லாத் தாளையும் ஒரு கோப்பில் போட்டு நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்பாவைச் சிவப்பு மண்டலத்தில் சேர்த்த அன்று என்னிடம் ஈசிஜி தாள் கையில் இருந்தது. அந்த டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்.

ஸ்டென்ட், மூட்டு, கண் வில்லை மாதிரி உடலுக்குள் வைக்கும் பொருள்களுக்கு அரசு மருத்துவமனையிலும் நாம் பணம் கட்ட வேண்டி வரலாம். அந்த 500 வெள்ளி வரம்புக்குள் இது வராது. கட்ட முடியாது என்றால் தயங்காமல் மருத்துவமனையிலேயே இருக்கும் மருத்துவச் சமூக நலப் பிரிவைப் பாருங்கள். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது கேட்பார்கள், கொஞ்சம் அலைய வேண்டும், ஆனால் உதவி கிடைக்கிறது. அரசின் உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயது நிரம்பியவர் என்றால் பெகா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் உண்டு, கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவியும் உண்டு. 2019இலிருந்து இருக்கிறது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கேட்டால் பாதிப் பேருக்கு இன்னும் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்கள் மேலே சொன்ன கட்டணத்தை நம்பி வந்துவிடாதீர்கள். அது குடிமக்களுக்கு. வெளிநாட்டவர் முழுச் செலவையும் கட்ட வேண்டும், வார்டில் சேர முன்பணமும் வேண்டும். பெரும்பாலான வெளிநாட்டுத் தொழிலாளருக்கு ஸ்பிக்பா என்ற மருத்துவமனைக் காப்புறுதி கட்டாயம். வேலையிடத்து விபத்துக்கு 2019இலிருந்து பெர்க்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் பொறுப்பு. வந்து சேர்ந்த முதல் வாரமே முதலாளியிடம் இரண்டின் நகலையும் கேட்டு வாங்கித் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளருக்குச் செய்யும் ஃபோமெமா உடல் பரிசோதனையில் தேறிவிட்டேன், அதனால் வைத்தியச் செலவுக்குக் கவலையில்லை என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். அது பரிசோதனை மட்டும்தான், செலவுக்குக் காப்பு இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது அம்மாவுக்கும் எனக்கும் கார்டு இருக்கிறது. இந்த முறை விண்ணப்பத்தை நானே நிரப்பினேன், அம்மாவின் ரத்த அழுத்தம், தைராய்டு எல்லாவற்றையும் எழுதினேன். பிரீமியம் கூடத்தான் ஆனது, அந்த இரண்டு நோய்க்கும் காப்பு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை, எதற்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரிகிறது. அப்பாவுக்குக் கார்டு கிடையாது. அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் அரசு கிளினிக் அட்டைதான். அடுத்த முறை வரும் வியாழன், காலை எட்டரைக்கு. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.