மச்சானின் மருந்து இருக்கட்டும், மனைவியின் பாதத்தைப் பாருங்கள்

கோபிசெட்டிபாளையம் வாசகருக்கு,

அமெரிக்காவில் உங்கள் மச்சானுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் பாட்டிசிரான் மருந்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, உங்கள் மனைவியைப் பற்றிக் கடைசியில் நான்கே வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த நான்கு வரிதான்.

அவர் மச்சானுடன் பிறந்த தங்கை. பாதத்தில் தொடங்கிய மரப்பு ஒரு வருடத்தில் கெண்டைக்கால் வரை ஏறிவிட்டது. சந்தையில் ஒரு கால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறார். சர்க்கரை கிடையாது. இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நெரிசலுக்கு ஆபரேஷன் வேறு ஆகியிருக்கிறது. இத்தனைக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பி12 மாத்திரைதான் வைத்தியமா?

மச்சானுக்கு வந்திருப்பது பரம்பரை அமிலாய்டு நோய். கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் உருக்குலைந்து நரம்பிலும் இதயத்திலும் படிகிறது. உடன்பிறந்தவருக்கும் அதே மரபணுப் பிழை இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மேலே மேலே ஏறும் மரப்பையும் இரண்டு கை நெரிசலையும் சேர்த்துப் பார்த்தால் தள்ளிப்போட முடியாது. கெட்டுப்போன நரம்பை எந்த மருந்தும் முழுசாக மீட்டுத் தராது.

இந்த வாரமே ஈரோட்டிலோ கோவையிலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மச்சானின் மரபணு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். எந்த இடத்தில் பிழை என்று தெரிந்தால் ரத்தத்தில் அதை நேராகத் தேடலாம். நரம்பு கடத்தல் பரிசோதனையும் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும் தேவைப்படும். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். பாட்டிசிரானைக் கொழுப்புத் துகளுக்குள் வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். கொழுப்பை ரத்தத்தில் ஏற்றினால் இதயம் அடைக்காதா என்கிறீர்கள். அடைக்காது. அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், அளவும் சொற்பம். ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறுதான் இதில் மருந்து; அதை வெறுமனே ஊசியில் போட்டால் ரத்தத்திலேயே சிதைந்துவிடும். அதைக் காக்கும் உறைதான் இந்தக் கொழுப்பு. ரத்தத்தில் இறங்கியதும் அபோ-ஈ என்ற புரதம் அதன்மேல் ஒட்டிக்கொள்ள, கல்லீரல் செல்கள் வழக்கமான கொழுப்புத் துகள் என்று உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கொழுப்பு கரையக் கொள்ளு ரசம் குடிக்கலாமா என்கிறீர்கள். தாராளமாகக் குடிக்கட்டும், இந்தக் கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மரபணுவையே மாற்றிவிடும் என்று வந்த வீடியோவை அழித்துவிடுங்கள். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து மரபணுவைத் தொடுவதே இல்லை. டிரான்ஸ்தைரெட்டின் புரதத்தைச் செய்யச் சொல்லும் தகவலை மட்டும் அழிக்கிறது. அந்த வேலை நிலைக்காது என்பதால்தான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டியிருக்கிறது. 2025இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தைக்குக் கொழுப்புத் துகளில் வைத்து மரபணுவையே திருத்தினார்கள், உண்மைதான். அது வேறு நோய், வேறு மருந்து.

ஒன்றை மட்டும் மச்சானிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கு முன் தரும் ஸ்டீராய்டை, இணையத்தில் எதையோ படித்துவிட்டு வேண்டாம் என்கிறாராமே? மருந்து ஏறும்போது முகம் சிவந்து மூச்சு அடைக்காமல் இருக்கத்தான் அதைத் தருகிறார்கள். அவராக நிறுத்தக் கூடாது.

மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இப்படியா என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. மகளுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். முதலில் அம்மாவுக்குப் பாருங்கள். அவரிடம் அந்தப் பிழை இல்லையென்றால் அவர் வழியாக மகளுக்கு வர வழியே இல்லை. இருந்தால், மகளை ஒரு மரபியல் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்; பரிசோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.