மனநோய் உள்ளவர்களுக்கு அதே நோய் உள்ளவரே பயிற்சி கொடுப்பது சரிவருமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தம்பிக்கு ஒன்பது வருடமாக ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய், மாதாமாதம் ஊசி போடுகிறீர்கள், கிளினிக்கில் ஒரு திறன் பயிற்சி வகுப்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள், "ஆனால் நடத்துபவரே பழைய நோயாளியாம், இது சரிவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "நோயாளியாம்" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. அந்த நோயாளியாம் நான்தான். உங்கள் தம்பியின் வகுப்பில் இல்லை, வேறு ஊரில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே யாராவது வந்து சண்டை பிடிப்பார்கள். நான் டாக்டர் இல்லை. மருந்தை நிறுத்தச் சொல்கிற ஆளும் இல்லை. எனக்கும் மாதம் ஒரு ஊசி, ராத்திரிக்கு இரண்டு மாத்திரை உண்டு. குரல் கேட்பது ஒரு வரம் என்று பேசுகிற கூட்டத்திலும் நான் சேர்த்தி இல்லை. என் குரல்கள் வரம் எதுவும் கொடுக்கவில்லை, கெட்ட வார்த்தைதான் பேசின.

எங்களுக்கு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அம்மா தோட்டத்தில் மருந்தடித்தவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். தோட்டம் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம். 2000ல், எனக்கு 22 வயது, பினாங்கில் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. மெஷின் சத்தத்துக்கு நடுவில் சூப்பர்வைசர் என்னைப் பற்றிப் பேசுவது கேட்க ஆரம்பித்தது. அவர் லீவில் இருந்த அன்றும் கேட்டது.

அப்புறம் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். முனியாண்டி கோயில், கயிறு, போமோ என்ற மலாய்க்கார மந்திரவாதி, எலுமிச்சம்பழம். எட்டு மாதம் அப்படியே போயிற்று. கடைசியில் செம்மோர் வழியாக அரை மணி நேரப் பயணம், தஞ்சோங் ரம்புத்தான். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1911லிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது, அதனால் பாவம் அந்த ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நானும் கூட்டாளிகளை "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று திட்டியவன்தான்.

மருந்தில் குரல் ஏறக்குறைய அடங்கியது. வீட்டில் எல்லாரும் நிம்மதியானார்கள். எனக்கு என்ன ஆனதென்று யாரும் பார்க்கவில்லை. சாப்பிடுவேன், அறைக்குள் போவேன், படுப்பேன். உங்கள் தம்பியும் இப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். கடைக்குப் போனால் அம்மா பேசுவார். கிளினிக்கிலும் அம்மாதான் பேசுவார். டாக்டர் "ஆப்பா கபார்?", எப்படி இருக்கிறாய் என்றால் நான் "பாய்க்" என்பேன், நல்லா இருக்கிறேன் என்று. கை உதறும், வாயில் எச்சில் வடியும், ஆனாலும் பாய்க். அவர் மலாயில் கேட்பார், என் மலாய் தொழிற்சாலை மலாய், அதுவும் மறந்துவிட்டது. இப்படிப் பதினைந்து வருடம். இது யார் மேலும் புகார் இல்லை. வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால் எந்த டாக்டர்தான் என்ன செய்வார்?

பிறகு தொழில்வழி சிகிச்சை, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை, செய்யும் ஓர் அக்கா வந்தார். ஆங்கிலச் சுருக்கத்தில் (OT) நாங்கள் ஓடி அக்கா என்போம். அவர் எங்கள் சிலரைப் பிடித்து இந்தத் திறன் பயிற்சி முறையைச் சொல்லிக் கொடுத்தார். அமெரிக்காவில் ராபர்ட் லிபர்மன் என்ற மனநல மருத்துவரின் குழு உண்டாக்கியது. ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பார்கள். ஒருவர் செய்து காட்டுவார். மற்றவர் நடிப்பார். எது நன்றாக இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் குறை. கடைசியில் வீட்டுப்பாடம், அதை நிஜமான இடத்தில் போய்ச் செய்ய வேண்டும். மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேசுவது, நோய் திரும்ப வருவதற்கு முன்னால் தெரியும் அறிகுறிகளைக் கண்டுபிடிப்பது, பேச்சை ஆரம்பிப்பது, முடிப்பது எல்லாமே இதில் பாடம்தான். 2016ல் என்னையும் இன்னொருவரையும் நடத்தச் சொல்லிவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி, தாமான் பாலர் பள்ளி மண்டபம். எட்டுப் பேர். நாற்காலியெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தது. எங்களில் பாதிப் பேர் மாத்திரையால் உடம்பு போட்டவர்கள், எப்படி உட்கார்ந்திருப்போம் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, நோயாளியே நடத்தினால் என்ன வித்தியாசம்? ஒரு தேத்தண்ணிக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஓர் அண்ணன் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், இனிப்பு நீரும், அதாவது சர்க்கரை நோயும், உண்டு. பதினோரு வருடமாகத் தானாக ஒரு கடையில் எதையும் வாங்கிச் சாப்பிட்டதில்லை. அவருக்கு ஒரே ஆசை, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கடையில் உட்கார்ந்து ஒரு தே ஓ கோசோங், அதாவது சீனியும் பாலும் இல்லாத தேத்தண்ணி, குடிக்க வேண்டும். ஓடி அக்கா முன்பே அவருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார். மண்டபத்தில் அருமையாகச் செய்வாராம். கடைக்குப் போனால் வாசலிலேயே திரும்பிவிடுவாராம்.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. அக்கா நடித்த கடைக்காரர் ரொம்ப நல்லவர். "வாங்க, என்ன வேணும்?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கடைப் பையன் அப்படிக் கேட்பானா? வேறு மேசையைத் துடைத்துக்கொண்டே "ஆ, தண்ணி?" என்பான். நாம் சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாது. எழுதியும் வைக்கமாட்டான், போய்விடுவான். அந்த இடம்தான். சொன்ன பிறகு தேத்தண்ணி வரும்வரை உட்கார்ந்திருக்கும் அந்த நான்கு நிமிடம். எல்லாரும் நம்மைப் பார்ப்பது போல இருக்கும். எனக்குக் குரல்கள் பேசும் நேரமும் அதுதான். அதனால் நான் பையனாக நடித்தேன், அவரைப் பார்க்கவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் கப்பை எடுத்துக்கொண்டு மண்டபத்தை விட்டே போய்விட்டேன். அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த நான்கு நிமிடத்துக்கு என்ன செய்யலாம் என்று எல்லாரும் யோசனை சொன்னோம். செய்தித்தாள், போன், விரலை எண்ணுவது. அவர் எடுத்துக்கொண்டது போகிற வருகிற பஸ்களின் நம்பர் பிளேட்டைப் படிப்பது.

ஐந்தாவது சனிக்கிழமை கடைக்குப் போனார். நாங்கள் எதிர்ப்பக்கம் வேறு யாரோ மாதிரி நின்றோம். உட்கார்ந்தார், சொன்னார், காத்திருந்தார். பையன் கொண்டுவந்து வைத்தது பால் ஊற்றிய தே. அண்ணன் அதை அப்படியே குடித்துவிட்டு, காசு கொடுத்துவிட்டு, எங்களிடம் வந்து "நல்லா இருந்துச்சு" என்றார்.

வகுப்பில் அன்று பெரிய சண்டை. அது வெற்றிதானே, கைதட்டு என்று பாதிப் பேர். இனிப்பு நீர் உள்ளவர் கண்டென்ஸ்டு பாலைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார், எதற்குக் கைதட்ட வேண்டும் என்று பாதிப் பேர். நான் இரண்டாவது கட்சி. இரக்கப்பட்டுக் கைதட்டும் ஆட்கள் எங்களுக்கு வெளியே நிறைய இருக்கிறார்கள். மறுபடி இரண்டு வாரம் ஒரே ஒரு வாக்கியம் பழகினோம்: "தம்பி, நான் கேட்டது தே ஓ கோசோங்." ஏழாவது சனிக்கிழமை அதைச் சொல்லிவிட்டார். கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சொல்லிவிட்டார், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பையன் "ஓ, சோரி அங்கிள்" என்று மாற்றிக் கொண்டுவந்தான். அவ்வளவுதான்.

ஏழு வாரம் ஒரு தேத்தண்ணிக்கா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள்.

கிளினிக்குக்கும் இதே மாதிரிதான். மூன்று மலாய் வாக்கியம் எல்லாருக்கும் மனப்பாடம். "தாங்கான் சாயா மெங்கெலெத்தார்", என் கை நடுங்குகிறது. "சாயா மசே டெங்ஙார் சுவாரா", இன்னும் குரல் கேட்கிறது. மூன்றாவது, மலச்சிக்கல் பற்றியது, அதை இங்கே எழுத வேண்டாம். முதல் வாக்கியத்தைச் சொன்ன ஒருவருக்கு டாக்டர் அன்றே மருந்தை மாற்றி எழுதினார். ஆறு வருடமாக நடுங்கிக்கொண்டிருந்த கை.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி: நடத்துகிறவருக்கே நோய் திரும்பினால்? திரும்பியது. மறைக்க ஒன்றும் இல்லை. 2019ல் நான் அறிகுறிகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த மாதத்திலேயே எனக்குத் தூக்கம் போயிற்று. வெள்ளைப் பலகையை ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தேனாம், அழித்த எழுத்து பின்னால் தெரிகிறது என்று. நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேனாம். வகுப்பு முடிந்ததும் அதில் படிக்கும் ஓர் அக்கா வந்து, "தம்பி, நீங்க எழுதிக் கொடுத்த லிஸ்டுல மூணாவது உங்களுக்கு வந்துருச்சு" என்றார். "பாடம் நடத்துறது நீங்களா நானா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் பேசாமல் வெளியே போய் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். உடம்பு சரியில்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தாளை ஒவ்வொருவரும் நிரப்பி வைத்திருப்போம், என் தாளும் அதில் இருந்தது. பத்தொன்பது நாள் வார்டில் இருந்தேன். முன்பு ஒரு தடவை இதே மாதிரி வந்தபோது மூன்று மாதம் இருந்தவன்.

திரும்பி வந்தபோது நான் மாணவன். முதல் பாடமாக, அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்பதை நடிக்க வைத்தார்கள். மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

"பயிற்சியாளரே படுத்துவிட்டார் பார்" என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு, சொந்தக்காரர்களே. பல்வலி வந்த பல் டாக்டரை யாரும் இப்படிப் பேசுவதில்லை. படித்தவர்களுக்காக ஒன்று: 2013ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, நோயோடு வாழ்ந்தவர்களே சேவை கொடுத்தால் எப்படி இருக்கிறது என்று. மற்ற பணியாளர்கள் கொடுப்பதைவிட மேலாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை என்று முடிவு வந்தது. ஓடி அக்கா கொஞ்சம் வருத்தத்தோடுதான் இதைச் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி முழுக்கச் சந்தோஷம். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான், பட்டம் வாங்கினவர்களுக்குக் குறைவில்லை என்கிறார்களே!

குறைவில்லாத எங்களுக்குக் கொடுப்பது மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் காசு மட்டும். அதுவும் சில மாதம் வராது. அதை விடுங்கள். மண்டபத்துக்குப் போகிற வழியில் எங்கள் பழைய லயம் இருந்த இடம் வரும். லயத்தை இடித்துவிட்டார்கள், ஆனால் பின்னால் அப்பா நட்ட டுரியான் மரம் அப்படியே நிற்கிறது. தோட்டம் கை மாறிய பிறகு கம்பிவேலி. பழம் விழுந்து அழுகுகிறது, குரங்கும் அணிலும் தின்கின்றன, நாங்கள் உள்ளே போகக் கூடாதாம். அப்பா சாகிற வருடம் அந்த மரத்துப் பழம் ஒன்று கேட்டார், சந்தையில் வாங்கிக் கொடுத்து அதுதான் என்று பொய் சொன்னோம். வாயில் வைத்ததும் கண்டுபிடித்துவிட்டார். தோட்ட ஆபீசுக்கு மூன்று தடவை போனேன். வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் படி எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன், முகத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில். ஒன்றும் நடக்கவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அனுப்புங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். நடத்துபவர் முறையாகப் பயிற்சி எடுத்தவரா, பின்னால் ஒரு மிஸ்ஸியோ (நர்ஸோ) ஓடியோ இருக்கிறாரா, வீட்டுப்பாடம் உண்டா, யாருக்காவது நோய் முற்றினால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். உட்கார்ந்து மனக்கஷ்டத்தைச் சொல்லி அழுதுவிட்டுப் போகும் கூட்டமாக மட்டும் இருந்தால் அது வேறு. அதுவும் நல்லதுதான், பயிற்சி ஆகாது. ரிங்கிட் கணக்கில் எழுதியிருப்பதால் மலேசியா என்று எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் சுகாதார அமைச்சின் மெந்தாரி என்ற சமூக மனநல மையம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், வேலை தேடிக்கொள்ளவும் அவர்கள் உதவுவார்கள். சமூகநல இலாகாவில் ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இன்னும் எடுக்கவில்லையென்றால் எடுத்துவிடுங்கள், மனநோய்க்கும் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு என் அம்மா நான்கு வருடம் தள்ளிப்போட்டார்.

முதல் நாள் தம்பியோடு நீங்களும் உள்ளே உட்காரலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அங்கே எப்படி என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் விடமாட்டோம். வெளியே மாமரத்தடியில் ஒரு பெஞ்சு இருக்கிறது, அம்மாமார்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.