குடும்பமும் வேலையும் உள்ளவர்களால் பரிசுத்தமாக வாழ முடியுமா?

குடும்பம், வேலை, கடன் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரால் வேதாகமம் சொல்கிற பரிசுத்த வாழ்க்கையை வாழ முடியுமா, அல்லது அது குருமாருக்கும் துறவிகளுக்கும் மட்டுமே உரியதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பதே என் பதில். சொல்லப்போனால், அந்த அழைப்பே அப்படிப்பட்டவர்களை நோக்கித்தான் வந்தது.

‘நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்’ என்ற கட்டளை, பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில், ஆசாரியர்களுக்கு மட்டுமன்றி இஸ்ரவேல் சபையார் அனைவருக்கும் சொல்லப்படுகிறது. அதைத் தொடர்ந்து வருபவற்றைக் கவனியுங்கள்: தாய் தகப்பனுக்கு அஞ்சி நடத்தல், அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசியாகிய அந்நியனுக்கும் விட்டுவைத்தல், கூலியாளின் கூலியை விடியும்வரை கையில் வைத்துக்கொள்ளாதிருத்தல், காது கேளாதவரை நிந்தியாதிருத்தல், நியாயம் விசாரிக்கும்போது முகம் பார்த்துப் பட்சபாதம் காட்டாதிருத்தல், அளவிலும் நிறையிலும் வஞ்சியாதிருத்தல். பலிகளையும் விக்கிரகங்களையும் பற்றிய கட்டளைகள் இவற்றோடு கலந்தே வருவதால், ஆராதனையை ஒருபுறமும் கொடுக்கல் வாங்கலை மறுபுறமுமாகப் பிரித்து வைக்க அந்த அதிகாரம் யாருக்கும் இடங்கொடுப்பதில்லை. பரிசுத்தம் என்றவுடன் உடை, உணவு, பொழுதுபோக்கு ஆகியவற்றின் பட்டியலைத் தேடுகிறவர்கள் சம்பள பாக்கியைப் பற்றி அநேகமாகப் பேசுவதேயில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

இயேசுவின் சீஷரான பேதுரு தம் முதலாம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், இதே கட்டளையை மேற்கோள் காட்டி, ‘நடக்கைகளெல்லாவற்றிலேயும்’ பரிசுத்தராயிருக்கும்படி, பல நாடுகளில் சிதறியிருந்த சாதாரண விசுவாசிகளுக்கு எழுதினார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், தேவனுடைய சித்தம் நீங்கள் பரிசுத்தமாவதே என்று சொல்லி வேசித்தனத்தை விலக்கச் சொன்ன அதே அதிகாரத்தில், சொந்தக் கைகளால் வேலை செய்து அமைதியாய் வாழும்படியும் புத்தி சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையும் 1964-இல், அதன் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டில், எந்த நிலையில் வாழ்கிறவர்களானாலும் கிறிஸ்தவர்கள் அனைவரும் தூய வாழ்வுக்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தெளிவாக எழுதிவைத்தது.

ஆனால் இந்த இடத்தில் வரிசையை மாற்றிவிடக் கூடாது. முதலில் நம்மைச் சுத்தப்படுத்திக்கொண்டு, பிறகு தேவனிடம் போவது என்பதல்ல சுவிசேஷம். சண்டையும் வழக்கும் ஒழுக்கக்கேடும் நிறைந்திருந்த கொரிந்து சபையாரைப் பவுல் தம் நிருபத்தின் தொடக்கத்திலேயே கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்று அழைக்கிறார். அதற்குப் பிறகுதான் அவர்களுடைய குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்டிக்கிறார். பெற்றுக்கொண்ட கிருபைக்கு ஏற்றபடி வாழும்படி கேட்பதற்கும், கிருபையைச் சம்பாதிக்கும்படி கேட்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு புரியாதவரையில், பரிசுத்த வாழ்க்கை ஒருவருக்குப் பெருமையாகவோ தீராத பயமாகவோதான் முடியும்.

அப்படியானால் நாம் சும்மா இருக்கலாமா என்றால், அதுவும் இல்லை. பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்த வசனத்திலேயே சேர்க்கிறார். ஜெபம், வேத வாசிப்பு, பாவ அறிக்கை, சபை ஐக்கியம் ஆகிய எல்லாம் அந்தப் பிரயாசத்தில் அடங்கும்.

இவ்வாழ்விலேயே பூரணத்தை அடைய முடியுமா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அன்பில் பூரணப்படுதல் இம்மையிலேயே சாத்தியம் என்று போதித்தார். கால்வினின் போதனை வழிவந்த சீர்திருத்த சபையினரோ மரணம்வரை பாவத்தோடு போராட்டம் தொடரும் என்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல் ஆசையாய்த் தொடருகிறேன் என்று, அதே பிலிப்பியர் நிருபத்தில், ஊழியத்தில் பல ஆண்டுகள் கழித்தபின் சிறையில் கட்டப்பட்டவராய் இருந்த பவுலே எழுதியிருக்கிறார்.