அழித்த படங்கள் திரும்பி வந்தால்

கேள்வி: அண்ணா, மகளின் சாமத்தியவீட்டுப் படங்கள் 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்ட்டில் இருந்தன. லப்டொப்பில் ஏற்றிவிட்டேன். தம்பியின் கலியாணத்துக்குப் பாவிக்கலாம் என்று கார்ட்டை ஃபோர்மட் பண்ணப் பார்த்தால், முடிக்க முடியவில்லை என்று விண்டோஸ் சொல்கிறது. கமராவிலும் அப்படித்தான். ஒவ்வொரு படமாக அழித்தால் போகிறது. கழற்றித் திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி இருக்கின்றன. என்ன செய்யலாம்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் லப்டொப்பில் ஏற்றிய படங்களைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். சின்னப் படம் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். பாதி முகம், மீதி சாம்பல் நிறம் என்று நிற்கிற படங்களோடு பம்பலப்பிட்டியில் என் கடைக்கு வந்து அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் கார்ட்டை அழித்துவிட்டிருப்பார்கள். உங்கள் கார்ட் அழிய மறுப்பது இந்த ஒரு விஷயத்தில் நல்லதுதான். கெட்டுப்போன படம் இருந்தால் இப்போதே திரும்பப் பிரதி எடுத்து, இன்னொரு டிஸ்க்கிலும் வையுங்கள்.

சரி, இனிக் கார்ட்டுக்கு வருவோம். மைக்ரோ எஸ்டியை உள்ளே வைத்துச் செருகுகிற பெரிய கார்ட் வடிவ உறை, அதாவது அடப்டரில் போட்டுத்தான் செருகியிருப்பீர்கள். அதன் இடப்பக்க ஓரத்தில், நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு பூட்டு இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால் எழுதவும் விடாது, அழிக்கவும் விடாது. பழைய அடப்டரில் அது தளர்ந்து, உள்ளே செருகும்போதே தானாக இறங்கிவிடும். வேறொரு அடப்டரில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

ஆனாலும் உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. பூட்டு விழுந்திருந்தால், எழுதத் தடை என்று விண்டோஸ் உடனே சொல்லியிருக்கும். அழிந்ததுபோலக் காட்டி, திரும்பப் போட்டதும் பழையபடி வருவது வேறு நோய். மெமரி கார்ட்டின் உள்ளே இருக்கிற சில்லில் (சிப்) ஒவ்வோர் இடத்திலும் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஓர் அளவு உண்டு. பழுதான இடங்களுக்குப் பதிலாகக் கொஞ்சம் உபரி இடமும் வைத்திருப்பார்கள். அதுவும் தீர்ந்தால், இருக்கிறதையாவது காப்பாற்றுவோம் என்று கார்ட்டின் கட்டுப்பாட்டுச் சில்லு எழுதுவதை நிறுத்திவிடும். வாசிக்க மட்டும் விடும். அழிந்ததாக நீங்கள் பார்த்தது லப்டொப்பின் நினைவில் நடந்தது. கார்ட்டில் எதுவுமே மாறவில்லை.

உறுதிசெய்ய, ஒரு சின்ன எழுத்துக் கோப்பைக் கார்ட்டில் போட்டு, முறையாக இஜெக்ட் செய்து, கழற்றித் திரும்பச் செருகுங்கள். கோப்பு காணாமல் போயிருந்தால் முடிவு தெரிந்துவிட்டது. எஸ்டி கார்ட்டுகளுக்குத் தரம் வகுக்கிற எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தருகிற ஃபோர்மட்டரை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், அதற்குமேல் மினக்கெட வேண்டாம். விண்டோஸில் இருக்கிற டிஸ்க்பார்ட் என்ற கருவியில், டிஸ்க்கைக் காலியாக்குகிற ‘கிளீன்’ கட்டளையைக் கொடு என்று யாராவது சொல்வார்கள். கார்ட்டே எழுத மறுக்கும்போது அதாலும் பயனில்லை. டிஸ்க் நம்பரை மாற்றிக் கொடுத்தால், பிரதி வைத்திருக்கிற டிஸ்க்தான் காலியாகும்.

தம்பியின் கலியாணத்துக்குப் புதுக் கார்ட்டே வாங்குங்கள். அதை இரண்டு நாள் முன்னதாக எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் முழுதாக எழுதி வாசித்துப் பார்த்தால், 64 என்று அச்சடித்து 8 ஜிபி வைத்து விற்கிற போலியும் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. பில் இருந்தால் வாரண்டிக்குக் கொடுக்கலாம்தான். ஆனால் அந்தக் கார்ட்டில் உங்கள் பிள்ளையின் படங்கள் அத்தனையும் அழிக்க முடியாமல் கிடக்கின்றன, யார் செருகினாலும் தெரியும். என் பிள்ளையாக இருந்தால் நான் கொடுக்கமாட்டேன். பிரதி இரண்டும் சரியென்று பார்த்த பிறகு, குறட்டால் பிடித்து நடுவில் உடைத்துவிடுங்கள்.