400 பவுண்டு குளிர் உடுப்பா, 1.75 பவுண்டு பஸ்ஸா?

கேள்வி: மதுரையிலிருந்து லண்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஈஸ்ட் ஹாமில் வாடகை வீடு. நான்கு மைல் தள்ளி ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, வாரத்தில் மூன்று நாள் நீண்ட ஷிஃப்ட். கோடையில் 90 பவுண்டுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி அதில்தான் போய் வருகிறேன். இப்போது குளிர் ஆரம்பித்துவிட்டது. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பும்போதும் இருட்டு, இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போதும் இருட்டு. கடையில் விசாரித்தால் ஜாக்கெட், பேன்ட், கையுறை, ஷூ கவர் என்று 400 பவுண்டுக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள். என்னால் 120 பவுண்டுதான் ஒதுக்க முடியும். மிச்சத்தைக் கிரெடிட் கார்டில் போடலாமா? "பேசாமல் பஸ்ஸில் போ" என்கிறார் கணவர். ஊருக்கும் மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது.

பதில்: கார்டில் போடாதீர்கள். இதை முதலில் முடித்துவிடுவோம். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வையுங்கள். 400 பவுண்டையும் கார்டில் தேய்த்துவிட்டு மாதம் 25 பவுண்டு வீதம் கட்டினால், அடைய 19 மாதம் ஆகும். வட்டி மட்டும் சுமார் 76 பவுண்டு. இந்தக் குளிர் போய், அடுத்த குளிரும் போன பிறகு இந்தக் குளிருக்கு வாங்கிய சட்டைக்குக் கடைசித் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். "மூன்று தவணை, வட்டியே இல்லை" என்று இணையக் கடைகளில் வரும் பொத்தானையும் தொட வேண்டாம். தவணை தவறினால் அபராதம் உண்டு. அதைவிட, மூன்றாகப் பிரித்துக் காட்டும்போது 140 பவுண்டு ஜாக்கெட்டும் 47 பவுண்டு போலத் தெரியும். அங்கேதான் கை நீளும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்ப்போம்.

2025 நிலவரப்படி லண்டன் பஸ்ஸில் ஒரு பயணம் 1.75 பவுண்டு. ஒரு மணி நேரத்துக்குள் பஸ் மாறி ஏறினாலும் அதே கட்டணம்தான். போக வர 3.50. நீங்கள் 120 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் 35 ஷிஃப்டில் அந்தக் காசு திரும்பிவிடும். வாரம் மூன்று ஷிஃப்ட் என்றால் சுமார் பன்னிரண்டு வாரம். நவம்பர் தொடக்கத்தில் வாங்கினால் ஜனவரி கடைசியில் கணக்கு நேராகிவிடும், பிப்ரவரி முழுக்க லாபம். 400 பவுண்டுக்கு வாங்கினால் 115 ஷிஃப்ட் ஆகும். அதாவது 38 வாரம். ஊரில் ஆடி பிறந்திருக்கும், இங்கே நீங்கள் அரைக்கைச் சட்டையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் கடைக்காரரின் பட்டியல் ஏன் 400-க்குப் போகிறது? அவர் உங்களை வருடத்தின் மிக மோசமான நாளுக்குத் தயார் செய்கிறார். எதிர்க்காற்று, கொட்டும் மழை, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் குளிர், மூன்றும் சேர்ந்து வரும் நாள் அது. அந்த நாள் வரத்தான் செய்யும். ஆனால் எத்தனை தடவை? லண்டன் என்றாலே மழை என்று ஊரில் பேசிக்கொள்கிறோமே தவிர, ஆண்டு மழை இங்கே சுமார் 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் 1,400. நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்ப்பதை இங்கே வருடம் முழுக்கக் குற்றாலச் சாரல் மாதிரி தெளித்துக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலான குளிர்காலக் காலைகள் ஈரமான சாலை, ஐந்து டிகிரி, லேசான தூறல் என்றுதான் இருக்கும். அதற்கு 120 பவுண்டு தாராளம்.

அந்த மோசமான நாளுக்குத்தான் பஸ் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எட்டு நாள். எட்டு மூன்றரை 28 பவுண்டு. கடைக்காரரின் பட்டியலுக்கும் உங்கள் பட்ஜெட்டுக்கும் உள்ள வித்தியாசம் 280. ஆக, 280 பவுண்டுச் சாமான் செய்யும் வேலையை 28 பவுண்டு பஸ் டிக்கெட் செய்துவிடுகிறது, அதுவும் ஹீட்டர் போட்டு. முதல் நாள் இரவே வானிலை பார்த்து முடிவெடுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தால் கேள்வியே வேண்டாம், பஸ். வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட நர்ஸ் எத்தனை வாரம் வார்டுக்குப் போக முடியாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

சரி, 120-ஐ எப்படிச் செலவழிப்பது? நான் போடும் தொகையெல்லாம் உச்சவரம்பு. அதற்குக் கீழே கிடைத்தால் உங்கள் சாமர்த்தியம்.

முதலில் விளக்கு, 20 பவுண்டு. இது உடுப்பே இல்லையே என்பீர்கள். டிசம்பரில் இங்கே காலை எட்டுக்குத்தான் சூரியன் வரும், மாலை நான்குக்கு முன்பே போய்விடும். உங்கள் இரண்டு பயணமும் முழு இருட்டில். அஸ்தமனத்துக்குப் பிறகு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும், பின்பக்கம் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும் என்பது சட்டம். 1985 அக்டோபருக்குப் பிறகு செய்த சைக்கிள் என்றால் பெடலிலும் மஞ்சள் பிரதிபலிப்பான் வேண்டும். பழைய சைக்கிள் என்கிறீர்கள், பெடலைக் குனிந்து பாருங்கள், உடைந்து விழுந்திருக்கலாம். யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் ஜோடியாக வாங்கினால் ஷிஃப்ட் முடிவதற்குள் லாக்கர் பக்கம் எங்காவது சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்து மட்கார்டு, 18 பவுண்டு. இதற்கு என் சொந்தக் கதை ஒன்று. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் 140 பவுண்டுக்கு ஒரு ஜாக்கெட் வாங்கினேன். தண்ணீர் புகாது, வியர்வை வெளியேறும், தையலெல்லாம் டேப் ஒட்டியது என்று அட்டையில் எழுதியிருந்தது. எழுதியதில் பொய் இல்லை. ஆனால் என் சைக்கிளில் மட்கார்டு கிடையாது. மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினேன், வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அலுவலகத்தில் கோட்டைக் கழற்றினால், பின்பக்கம் இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரு சாண் அகலத்தில் சேற்றுக் கோடு. உட்காரும் இடம் மொத்தமும் ஈரம். அன்று காலை கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே பேசினேன். மேலிருந்து விழும் தண்ணீரைவிடச் சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர்தான் அதிகம். நம் ஊர்ச் சைக்கிளில் மட்கார்டு இல்லாத வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? இங்கே அதைக் கழற்றி எடுத்துவிட்டு, அதனால் நனைவதற்குத் தனியாக உடுப்பு விற்கிறார்கள். முழு நீள மட்கார்டாக, முன்னும் பின்னும் போடுங்கள். வாங்குமுன் டயர் அகலத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

மூன்றாவது கையுறை, 13 பவுண்டு. காலும் உடம்பும் மிதிக்க மிதிக்கச் சூடாகிவிடும். கை அப்படியல்ல. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அசையாமல் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். விரல் மரத்துப் போனால் பிரேக் பிடிக்க முடியாது. சைக்கிள் கையுறையே வேண்டும் என்றில்லை. கட்டட வேலைக்காரர்கள் போடும், உள்ளே பஞ்சு வைத்து உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை விலையிலும் குறைவு, பிடிப்பும் நன்றாக இருக்கும். போட்டுக்கொண்டு பிரேக்கை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள், இழுக்க முடிந்தால் போதும். பலத்த மழைக்கு ஒரு ஏழை உபாயம் இருக்கிறது: கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையைப் பெரிய சைஸில் மாட்டுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், கை நனையாது.

இதற்குப் பிறகுதான் ஜாக்கெட், 32 பவுண்டு. டெக்கத்லான் மாதிரி விளையாட்டுச் சாமான் கடைகளில் அவர்களுடைய சொந்த பிராண்டிலேயே பாருங்கள். லிடில், ஆல்டி என்ற மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டுகளின் நடு வரிசையில் அவ்வப்போது சைக்கிள் சாமான் வந்து இறங்கும், அதிலும் ஒரு கண் வையுங்கள். கனமாக, பஞ்சு அடைத்ததாக வாங்காதீர்கள். மெல்லியதாக, காற்றும் தூறலும் தடுப்பதாக, அக்குள் பக்கம் ஜிப் அல்லது காற்றோட்டத் துளை உள்ளதாகப் போதும். குளிருக்கு உள்ளே போடுவது வேறு. ஊரிலிருந்து வரும்போது தெர்மல் எடுத்து வந்திருப்பீர்களே, அது பாலியெஸ்டர் கலந்தது என்றால் அதையே போடுங்கள். பருத்தி மட்டும் ஆகாது. திருப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், வெயிலுக்குப் பனியனை அடிக்க எதுவும் இல்லை. ஆனால் இந்தக் குளிரில் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, சிக்னலில் நின்றதும் ஈரத்துணி சுற்றியதுபோல் உடம்போடு ஒட்டும். நடுவில் போட ஒரு ஃபிளீஸோ மெல்லிய கம்பளி ஸ்வெட்டரோ தர்மக் கடைகளில், அதாவது நன்கொடையாக வந்த பழைய சாமான் விற்கும் கடைகளில், நான்கைந்து பவுண்டுக்குக் கிடைக்கும்.

வீட்டு வாசலில் நிற்கும்போது இதமாக இருந்தால் அதிகமாக உடுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். நம்மவர்கள் முதல் குளிர்காலத்தில் மூன்று ஸ்வெட்டர் போட்டுப் பாதி வழியில் வேர்த்துக் கொட்டி, அந்த வியர்வையாலேயே ஜலதோஷம் பிடித்தது என்று சைக்கிளை மூலையில் சாத்திவிடுவார்கள்.

ஜாக்கெட்டில் இன்னொரு சேமிப்பு, நீங்கள் ஐந்தடிக்குள் இருந்தால் மட்டும். இந்த நாட்டில் குழந்தைகள் உடுப்புக்கு வாட் வரி கிடையாது, பெரியவர்கள் உடுப்பில் 20 சதவீதம் உண்டு. குழந்தைகள் சைஸ் உங்களுக்குச் சேர்ந்தால் அந்த வரி உங்களுக்கு மிச்சம். (சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் வாட் கிடையாது, யார் வாங்கினாலும்.) போட்டுப் பார்க்கும்போது நின்றுகொண்டு கண்ணாடி பார்க்காதீர்கள். ஹேண்டில் பிடிப்பதுபோல் குனிந்து கையை முன்னால் நீட்டுங்கள். மணிக்கட்டும் முதுகின் அடிப்பகுதியும் வெளியே தெரிந்தால் அந்த சைஸ் வேண்டாம். இணையத்தில் வாங்கினால் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று எழுதிவிட உங்களுக்கு உரிமை உண்டு. கடையில் நேரில் வாங்கியதற்கு, பொருளில் குறை இருந்தாலொழிய, அந்த உரிமை இல்லை; அது கடைக்காரர் மனசு. அதனால் லேபிளைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே சோதித்துப் பாருங்கள்.

மற்றவை சில்லறை. வழக்கமான பேன்ட்டுக்கு மேல் மாட்டும் மழைக் கால்சட்டை 15 பவுண்டு. கழுத்துக்கும் காதுக்கும் இழுத்துவிடும் மெல்லிய துணி வளையம் 6 பவுண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லா ஹெல்மெட்டுக்குள் நுழையாது. பிரதிபலிக்கும் மேலங்கியும் கணுக்கால் பட்டையும் சேர்த்து 7 பவுண்டு. இதில் பளபள மஞ்சளைப் பார்த்து ஏமாற வேண்டாம். மஞ்சள் பகலில்தான் ஒளிரும், இரவில் கார் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பது அந்தச் சாம்பல் நிறப் பட்டைதான். கணுக்காலில் கட்டினால் மிதிக்கும்போது ஏறி இறங்கும், ஓட்டுநர் கண்ணில் சட்டென்று படும். ஷூ கவர் இப்போது வேண்டாம். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைச் சாக்ஸுக்கு மேல் சுற்றி ஷூ போட்டால் நான்கு மைலுக்குத் தாங்கும். யூனிஃபார்மை ஒரு குப்பைப் பையில் சுற்றி முதுகுப் பைக்குள் வையுங்கள், தண்ணீர் புகாத பை என்று 60 பவுண்டு கொடுக்க அவசியமில்லை.

மருத்துவமனையில் 'சைக்கிள் டு வொர்க்' திட்டம் இருக்கலாம்; வேலை தருபவர் மூலம் சைக்கிள் எடுத்து, காசைச் சம்பளத்தில் பிடிக்கவிடும் திட்டம் அது. யாராவது "அதில் வாங்கு, வரி மிச்சம்" என்பார்கள். 1999 முதல் இருக்கும் நல்ல திட்டம்தான். சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடிப்பதால் 20 சதவீத வருமான வரியும் 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் (சம்பளத்தில் பிடிக்கும் அரசுக் காப்பீட்டுத் தொகை) மிச்சம், ஆக 28 சதவீதம். ஆனால் சைக்கிளும் பாதுகாப்புச் சாமான்களும்தான் அதில் சேரும். உங்கள் பட்டியலில் விளக்கு, மட்கார்டு, பிரதிபலிக்கும் உடுப்பு மூன்றும் சேர்த்து 45 பவுண்டு. அதில் மிச்சம் 12 பவுண்டு 60 பென்ஸ். அதற்காக ஹெச்.ஆர். படிவம், ஒப்புதல், வவுச்சர் என்று காத்திருந்தால் இருட்டில் விளக்கில்லாமல் ஓட்டுவீர்கள். இப்போது விட்டுவிடுங்கள். இந்த 90 பவுண்டு சைக்கிள் ஓய்ந்து புதிதாக 500 பவுண்டுக்கு வாங்கும் நாளில் அந்தத் திட்டத்தைக் கேளுங்கள், அப்போது 140 பவுண்டு மிச்சமாகும். சம்பளத்தில் பிடித்தம் வந்தால் பென்ஷன் கணக்கு என்ன ஆகும் என்பதையும், ஸ்பான்சர் விசாவில் இருந்தால் அதற்குப் பாதிப்பு உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பார்த்தால் 111 பவுண்டு வரும் (தர்மக் கடை ஃபிளீஸ் இதில் இல்லை, உச்சவரம்புக்குக் கீழே வாங்கி மிச்சம் பிடிப்பதில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்). எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமை வாங்கிவிடாதீர்கள். விளக்கு, மட்கார்டு, கையுறை மூன்றையும் இந்த வாரம். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஜாக்கெட். மழைக் கால்சட்டை இல்லாமலே சமாளிக்க முடிகிறதென்றால் அந்த 15 பவுண்டு உங்களுடையது, நான்கு பஸ் நாளுக்கு ஆகும்.

மீதி 9 பவுண்டில் ஒரு ஸ்பேர் ட்யூபும் ஈரத்துக்கான செயின் எண்ணெயும். மழை கண்ணாடித் துண்டுகளைச் சாலையோரம் அடித்துக்கொண்டு வரும், பஞ்சர் குளிர்காலத்தில்தான் அதிகம். பனி உறையாமல் இருக்கச் சாலையில் தூவும் உப்பு செயினைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை பழைய துணியால் துடைத்து இரண்டு சொட்டு விடுங்கள். ஜாக்கெட்டைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் போடாதீர்கள், தண்ணீரைத் தள்ளும் பூச்சு கெட்டுவிடும்.