மீதி நாலு பேர் யார்?

அன்புள்ள அக்கா,

நூலக அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். 'எய்ட்ஸ்' என்ற பெயரிலேயே 1987 முதல் வந்துகொண்டிருக்கும் ஆய்விதழை எடுத்துக்கொண்டு, அதன் ஆய்வுப் போக்குகளையும் செல்வாக்கையும் அளக்கிறேன். கட்டுரைகளின் விவரங்களை இறக்கி ஆசிரியர், நாடு, குறிச்சொல், சைட்டேஷன் (மேற்கோள்) என்று பிரித்து எக்செல்லில் ஏற்றியாகிவிட்டது. நாடுகளில் அமெரிக்காதான் முதலிடம். ஆரம்பத்தில் நிமோனியா, கபோசி சர்கோமா என்ற புற்றுநோய் என்றிருந்த குறிச்சொற்கள் போகப்போக முதுமை, இதய நோய், மனச்சோர்வு, புறக்கணிப்பு என்று மாறியிருக்கின்றன. துறை தேய்ந்துவருவதன் அடையாளம் இது என்று எழுதலாமா? செல்வாக்கைக் காட்ட, மேற்கோள்களை வைத்துப் போடும் கணக்குகளில் இம்பாக்ட் ஃபேக்டர் மட்டும் போதுமா, எச்-இண்டெக்ஸும் வேண்டுமா? எய்ட்ஸ் நோயாளிகளைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன்.

எம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு பழைய ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கிறது, மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோனது. உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதில். முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

'துறை தேய்ந்துவருகிறது' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்திர அறிக்கையில் எய்ட்ஸ் பற்றிய முதல் குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா. அது அச்சேறும்போதே ஐவரில் இருவர் உயிரோடு இல்லை. அந்த இதழில் அந்தக் குறிப்புக்கு முதலிடம்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் டெங்கு பற்றிய செய்தி இருந்தது. ஆரம்ப ஆண்டுகளின் குறிச்சொல் நிமோனியாவாக இருந்தது என்றால், அன்றைக்கு ஆட்கள் அதில்தான் போய்ச் சேர்ந்தார்கள். முதுமை என்ற சொல் அன்று ஏன் கண்ணில் படவில்லை என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? முதுமை வரைக்கும் போக யாரும் மிஞ்சவில்லை, தம்பி.

உங்கள் இதழ் தொடங்கிய அதே 1987இல்தான் எச்.ஐ.வி.க்கான முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் நடந்த சோதனையில் வெறும் மாத்திரை பெற்ற 137 பேரில் 19 பேர் இறந்தார்கள். மருந்து பெற்ற 145 பேரில் ஒருவர். ஆனால் தனி மருந்தாகக் கொடுத்தபோது வைரஸ் அதற்குப் பழகிக்கொண்டது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1996இல் நிலைபெற்ற பிறகுதான் ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்ததால் வயதானார்கள். வயதானதால் இதய நோய் வந்தது, மூட்டு வலி வந்தது, இருபது வருடமாக மாத்திரை விழுங்கும் சலிப்பு வந்தது. உங்கள் குறிச்சொற்கள் மாறியதன் கதை அவ்வளவுதான். நாற்பது வருடத்தில் மருத்துவம் செய்து காட்டிய மிகப் பெரிய காரியங்களில் ஒன்று உங்கள் எக்செல்லில் ஒரு வரைபடக் கோடாக ஏறி நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்கிறீர்களே! முடிந்த கதையும் இல்லை இது. 2023 கணக்கில் சுமார் 4 கோடி பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தார்கள், அந்த ஒரே வருடத்தில் 6,30,000 பேர் இறந்தார்கள்.

அப்புறம், 'எய்ட்ஸ் நோயாளிகள்'. 1983இல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய, எய்ட்ஸோடு வாழ்ந்தவர்களின் ஒரு சிறு கூட்டம், 'எங்களைப் பலியானவர்கள் என்று சொல்லாதீர்கள், எப்போதாவது சில நேரம்தான் நாங்கள் நோயாளிகள்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனது. எழுதியவர்களில் பலர் அடுத்த சில வருடங்களில் இல்லை. மருந்து சாப்பிட்டுக்கொண்டு தினமும் வேலைக்குப் போய் வருகிறவருக்கு எய்ட்ஸ் கிடையாது, எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. அந்தத் தொற்று முற்றிய நிலைதான் எய்ட்ஸ். ஆய்வேட்டில் மாற்றிவிடுங்கள்.

எச்-இண்டெக்ஸ் சேர்ப்பதா வேண்டாமா என்பதை உங்கள் கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அதில் கருத்து இல்லை. அமெரிக்கா முதலிடம் என்பதிலும் ஆச்சரியம் இல்லை, பணம் அங்கிருந்து வந்தது. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள் என்ற ஒரு வரியை அந்த அட்டவணைக்குக் கீழே சேர்த்துவிடுங்கள், போதும்.

சரி, இம்பாக்ட் ஃபேக்டருக்கு வருகிறேன். கணக்கு உங்களுக்கே தெரியும். ஒரு இதழ் முந்தைய இரண்டு வருடங்களில் வெளியிட்டவற்றுக்கு இந்த வருடம் எத்தனை சைட்டேஷன் வந்தது என்று பார்த்து, அந்த இரண்டு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. எந்த இதழை வாங்குவது என்று நூலகங்கள் முடிவு செய்ய அது உதவியது. அதை வைத்துச் செல்வாக்கை அளக்கிறேன் என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்கு அந்த ஜெராக்ஸ் தாள் ஞாபகம் வந்தது.

என் தோழி ஒருத்தி. அவளுக்குத் தொற்று உண்டு, கணவருக்கு இல்லை. 2014இல் அவள் மருந்து தொடங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒருவேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, பரிசோதித்தபோதெல்லாம் கண்டறிய முடியாத அளவு என்றே வந்தது. ஆனாலும் கணவர் ஒரு அறையில், அவள் ஒரு அறையில். தன் நகவெட்டியைத் தனி டப்பாவில் போட்டு, சிவப்பு நூல் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பாள். ஒரு நாள் நான் போயிருந்தபோது காய் நறுக்குகையில் விரல் நுனியில் கத்தி பட்டுவிட்டது. பார்க்க ஓடி வந்த மகளைப் பார்த்து, "கிட்ட வராத!" என்று கத்தினாள். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. வாசற்படியிலேயே உறைந்து நின்றுவிட்டாள்.

ஒரு சிறு குழுவுக்காக மருத்துவக் கட்டுரைகளை எளிய தமிழில் சுருக்கி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அப்படித்தான் 052 என்ற எண்ணால் அறியப்பட்ட ஆய்வின் கட்டுரை என் கைக்கு வந்தது. ஒன்பது நாடுகள், 1,763 தம்பதிகள், ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. ஒரு பாதிக்கு உடனே மருந்து. மறுபாதிக்கு, எதிர்ப்புச் சக்தி குறிப்பிட்ட அளவு இறங்கிய பிறகு. முடிவு, உடனே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது. 96 என்ற எண் இருந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதைப் பேனாவால் வட்டமிட்டு, அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மீதி நாலு பேர் யாரு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நூறு தம்பதிகளில் நாலு பேருக்குத் தொற்றும் என்று அவள் படித்துவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை, அந்த எண்ணை வட்டமிட்டு நீட்டியவள் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். துணையிடமிருந்தே வந்தது என்று வைரஸின் மரபணுவை ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்ட தொற்றுகள் மொத்தம் 28. அதில் 27 மருந்தைத் தள்ளிப்போட்ட பாதியில். உடனே மருந்து தொடங்கிய பாதியில் ஒன்றே ஒன்று. ஒன்றுக்கும் இருபத்தேழுக்கும் உள்ள தூரம்தான் 96. அந்த ஒன்றும்கூட மருந்து வைரஸை முழுதாக அடக்குவதற்கு முன்னால் தொற்றியது. நாலு பேர் என்று எங்கேயும் யாரும் இல்லை.

பேசாமல் இருந்தாள். பிறகு, "இது எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"2011."

விரல் விட்டு எண்ணினாள். மூன்று விரல். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் பொய் சொன்னதுபோல இருந்திருக்கும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2008 ஜனவரியிலேயே சுவிட்சர்லாந்தில் நான்கு மருத்துவர்கள் தங்கள் நாட்டு மருத்துவர் இதழில் எழுதிவிட்டார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்து, ஆறு மாதமாவது வைரஸ் அடங்கியிருந்து, வேறு பால்வினைத் தொற்றும் இல்லையென்றால் உடலுறவில் எச்.ஐ.வி. தொற்றாது என்று. உலகம் முழுக்க அவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். ஆதாரம் போதாது, ஆட்கள் ஆணுறையை விட்டுவிடுவார்கள் என்றார்கள். ஆதாரம் போதாது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால், சொன்னால் கெட்டுப்போய்விடுவார்கள் என்ற வாதத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு விரல் ஆகியிருந்தது. "யார்கிட்ட சொன்னாங்க?" என்றாள். "நான் மாசா மாசம் மாத்திரை வாங்கப் போறேனே. அங்க யாருமே சொல்லலையே."

இப்போது உங்கள் இம்பாக்ட் ஃபேக்டரை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். 2011இல் வந்த கட்டுரை 2012, 2013 ஆகிய இரண்டு வருடக் கணக்கில்தான் நுழையும். 2014இல் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. அதாவது, அந்தக் கட்டுரையின் செல்வாக்கை உலகம் கூட்டிக் கழித்து முடித்த பிறகுதான், அது யாரைப் பற்றியதோ அவளிடம் முதல்முறையாக வந்து சேர்ந்தது. அறிஞர்கள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. அவளுடைய ஆறு வருடத்துக்குக் கட்டம் இல்லை. அந்த ஆறு வருடமும் இரண்டு அறையில் கழிந்தது. நோயாலும் இல்லை, மருந்துப் பற்றாக்குறையாலும் இல்லை, ஒரு வாக்கியம் வந்து சேராததால் கழிந்தது.

மருத்துவர்கள்மேல் மட்டும் பழி போடவில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை, பலருக்கு அந்த இதழ்களைப் படிக்கவே வழியில்லை. 'சந்தா இருந்தால் உள்ளே வா' என்று பூட்டிய கதவுக்குப் பின்னால், ஆய்வுக்காக ரத்தம் கொடுத்தவர்களின் கதை கிடக்கிறது. இதை நான் பத்து இடத்தில் சொல்லிவிட்டேன், பதினோராவதாக இங்கேயும் சொல்கிறேன். ரத்தம் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்லாத ஆய்வு பாதியில் நிற்கும் ஆய்வு. எத்தனை சைட்டேஷன் வாங்கினாலும் பாதிதான்.

உங்கள் இதழை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். பெரிய முடிவுகள் எப்போதும் பெரிய பொது மருத்துவ இதழ்களுக்கே போய்விடும். 052கூட அப்படித்தான் போனது. துறைக்கென்றே இருக்கும் இதழின் வேலை வேறு. சந்தேகத்தைப் பேசித் தீர்ப்பது, சிதறிக் கிடப்பதைத் திரட்டுவது, கர்ப்பிணிக்கு என்ன அளவு, சிறுநீரகம் பழுதானவருக்கு எந்த மருந்து என்று யாரும் கைதட்டாத கேள்விகளைக் கேட்பது. சுவிஸ் மருத்துவர்களைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், 2009இல், உங்கள் 'எய்ட்ஸ்' இதழில்தான் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 11 ஆய்வுக் குழுக்கள், 5,021 தம்பதிகள். மருந்து எடுத்து வைரல் லோடு 400க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றியது பூஜ்யம். அப்படி வைரஸ் அடங்கியிருந்தவர்களைப் பற்றிய தரவு குறைவு என்பதால் சிறிய அபாயத்தை மறுக்க முடியாது என்று நேர்மையாகவும் சொல்லியிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஏறி நின்ற படிகளில் அது ஒன்று.

அதனால் எக்செல்லில் ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகப் போடுங்கள். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட இருபது கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முடிவும் மருத்துவ வழிகாட்டி நெறிமுறையில் எந்த ஆண்டு ஏறியது, சாதாரண ஆள் படிக்கிற துண்டறிக்கையில் எந்த ஆண்டு வந்தது என்று தேடுங்கள். முடிந்தால் மருந்து வாங்க வருகிறவர்கள் பத்துப் பேரிடம், எப்போது கேள்விப்பட்டீர்கள் என்று கேளுங்கள். இது ஆய்வு முறைக்குள் வராது என்று யாராவது சொன்னால், பின்னிணைப்பாகவாவது சேர்த்துவிடுங்கள்.

2016 ஜூலையில் பார்ட்னர் ஆய்வின் முடிவு வந்தது. இதில் ஆண்–ஆண் ஜோடிகளும் உண்டு. ஒருவர் மருந்தில், வைரஸ் அடங்கிய நிலையில், ஆணுறை இல்லாமல், எல்லா ஜோடிகளையும் சேர்த்து சுமார் 58,000 தடவை உறவு. பதினொரு பேருக்குப் புதிதாகத் தொற்று வந்திருந்தது, ஆனால் மரபணுவை ஒப்பிட்டபோது ஒன்றுகூடத் தன் துணையிடமிருந்து வந்ததில்லை. இந்த முறை நான் எதையும் வட்டமிடவில்லை. வாக்கியமாகவே போனில் சொன்னேன்.

"இது எப்ப வந்துச்சு?" என்றாள்.

"நேத்து ராத்திரி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, மேல்தட்டில் இருக்கிற டப்பாவை எடுத்து வரச் சொன்னது கேட்டது.

அந்த 2009 கட்டுரை உங்கள் எக்செல்லில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் தாளை அவள் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஃபைல் கிடைத்ததும் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன், ஆய்வேட்டில் போடுவதென்றால் அவளிடம் கேட்டுவிட்டுத்தான்.

அன்புடன்,
அக்கா