குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் குடிபோகிறோம். பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?

கணவருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, நாலு வயதுக் குழந்தையோடு போகிறோம், என்னென்ன எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே மாதிரி கணவரின் வேலைக்காக, சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு டோர்ட்முண்டுக்கு வந்தவள்தான். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் மசாலாப் பொடியும் குளிர்கோட்டும்தான் பதிலாக வருகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே காசு கொடுத்தால் கிடைக்கிற எதற்கும் பெட்டியில் முதல் இடம் கொடுக்காதீர்கள். எவ்வளவு காசு கொடுத்தாலும் அங்கே கிடைக்காதவற்றை முதலில் எடுத்து வையுங்கள்.

அப்படிப் பார்த்தால் முதலில் வருவது காகிதங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், இருவரின் பட்டச் சான்றிதழ்களும் மதிப்பெண் பட்டியல்களும், எல்லாம் அசல். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போடாமல் தோளில் மாட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு கிடைத்துக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். குடும்பமாகப் போனால் அங்கேயே திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் கேட்பார்கள்.

பலரும் மறந்துவிடுவது குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம். ஜெர்மனியில் 2020 மார்ச் 1 முதல் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கோ அதற்கான எதிர்ப்புச் சக்தி இருப்பதற்கோ ஆதாரம் இல்லாமல் குழந்தையைக் கிண்டர்கார்டனில் சேர்க்க மாட்டார்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு ஒரு ஊசி, இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு இரண்டு ஊசி போட்டிருக்க வேண்டும். நம் ஊரில் 9 மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று என்று போட்டுவிடுகிறார்கள். ஊசியெல்லாம் சரியாகத்தான் இருக்கும், எழுதியிருப்பதுதான் யாருக்கும் புரியாது. அதனால் கிளம்புவதற்கு முன் எங்கள் குழந்தை டாக்டரிடம் போய், ஒவ்வொரு ஊசியின் முழுப்பெயர், போட்ட தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் வருகிற மாதிரி லெட்டர்பேடில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கினேன். "புத்தகம்தான் இருக்கே, இது எதுக்கும்மா தனியா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

இங்கே கிண்டர்கார்டன் தலைவி அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் பிரித்தார். 9 மாத வரிசையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. பக்கத்தில் இருந்த தேதியின் மேலேயே டாக்டர் கையெழுத்து ஏறியிருந்தது, நீல மை தண்ணீர் பட்டுப் பரவியிருந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்து, நகல் எடுத்துக்கொண்டு, "எல்லாம் சரி" என்றார். அவ்வளவுதான். அதே சமயம் சேர வந்த இன்னொரு குடும்பத்தின் புத்தகம் சென்னையில் பீரோவுக்குள் இருந்தது. குழந்தைக்கு ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை வாங்கியதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

காகிதம் என்று பேச ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லைதான். நம்முடைய இனிஷியல் முறை வெளிநாட்டில் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர், கணவருக்கு அவர் அப்பா பெயர், மகளுக்கு என் கணவர் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். ஒவ்வொரு அலுவலகத்திலும் இந்தக் குழந்தை உங்கள் குழந்தைதானா என்கிற மாதிரி ஒரு பார்வை. இதற்கு மேல், ஊரில் ஒரு அலுவலகத்தில் என் மாமனார் பெயரில் ஆங்கில எழுத்து ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, திருத்தித் தரச் சொன்னதற்கு நாங்கள் ஏதோ குற்றம் செய்தது போல அலைய விட்டார்கள். ஒரு எழுத்துத்தானே என்று அவர்களுக்குத் தோன்றியது. அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். சரி, அதை விடுங்கள். பள்ளிச் சான்றிதழ், பட்டம், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மருந்து. உங்கள் சொந்தத் தேவைக்கு மூன்று மாதம் வரைக்குமான அளவு கொண்டு வரலாம். மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும், அதில் கம்பெனிப் பெயரோடு மூல மருந்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இங்கே ஆன்டிபயாடிக் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கவே கிடைக்காது. சாதாரண பாரசிட்டமால்கூட மருந்துக் கடையில்தான், சூப்பர் மார்க்கெட்டில் இருக்காது. குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் சிரப்பைக் கட்டாயம் வையுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் இரண்டாவது கண்ணாடி ஒன்று. பெரியவர்களுக்குக் கண்ணாடிச் செலவை இங்கே அரசுக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை.

சமையல் சாமானுக்கு வருகிறேன். மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், அதனால் நம் மிக்ஸி இங்கே நன்றாகவே ஓடும். பிளக் மட்டும் வேறு, அடாப்டர் போதும். குக்கர் எடுக்கிறீர்கள் என்றால் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இண்டக்‌ஷன் அடுப்பில் அது சூடாகாது, வெறும் அலுமினியக் குக்கர் வீண் சுமை. அப்புறம், நான் அடித்துச் சொல்வது உதிரிபாகங்களை. அந்தக் குக்கருக்கே உரிய காஸ்கட் மூன்று, சேஃப்டி வால்வு இரண்டு, ஒரு வெயிட், மிக்ஸிக்குக் கப்ளர் இரண்டு. எல்லாம் சேர்த்து ஒரு பிடிக்குள் அடங்கும். காஸ்கட் தளர்ந்து பக்கவாட்டில் ஆவி போக ஆரம்பித்தால், அந்த மாடலுக்கு அந்த அளவு இங்கே எந்தக் கடையில் போய்த் தேடுவீர்கள்? பாத்திரக் கடையையே தூக்கிவர வேண்டாம். இங்கே வாடகைக்கு விடும் பல வீடுகளில் அடுப்பும் சிங்க்கும்கூட இருக்காது, கூரையில் விளக்கு மாட்டும் இடத்தில் வயர்தான் தொங்கும். அதையெல்லாம் நீங்களே வாங்கி மாட்டும் வரை அண்டா குண்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மளிகைக்காகக் கவலையே படாதீர்கள். ஈழத்திலிருந்து வந்தவர்கள் இங்கே பல ஊர்களில் கடை வைத்திருக்கிறார்கள். டோர்ட்முண்டில் இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். பக்கத்து ஊரான ஹாமில் காமாட்சி அம்மன் கோயிலே ராஜகோபுரத்தோடு நிற்கிறது. விலை நம் ஊரை விட அதிகம்தான், மறுக்கவில்லை. அம்மா வறுத்து அரைத்த சாம்பார் பொடிக்குக் கடைப் பொடி ஈடாகுமா என்று கேட்பீர்கள், ஆகாது. அதை மட்டும் இரண்டு கிலோ தாராளமாகக் கொண்டு வாருங்கள். பெட்டி நிறைய மசாலா கொண்டு வந்தவர்களை நான் குறை சொல்லவும் இல்லை, அவரவர் வீட்டு நாக்கு அவரவருக்கு.

ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் வெளியிலிருந்து பையில் கொண்டுவரக் கூடாது. நெய் பாட்டில், மட்டன் ஊறுகாய் எல்லாம் அதில் அடக்கம். பழம், காய், இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே ஒரு கட்டுக் கறிவேப்பிலைகூட வேண்டாம். கருவாட்டுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கொண்டு வந்தால் நாலு உறை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

குளிர்கோட்டை இங்கேயே வாங்குங்கள், நம் ஊரில் விற்பது இந்தக் குளிருக்குப் பத்தாது. குழந்தைக்குக் கிண்டர்கார்டனில் மழைக்கால்சட்டையும் ரப்பர் பூட்ஸும் கேட்பார்கள், அவையும் இங்கேதான் அளவு பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக, டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குகிற மாதிரி போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் இருக்கும் கடைகள் தவிர மற்றவை பெரும்பாலும் மூடியிருக்கும். வேறு வழியில்லை என்றால் ஒரு கிலோ அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு சின்ன மின்சார ரைஸ் குக்கர், அடாப்டர் இவற்றை ஒரே பெட்டியில் மேலாக வையுங்கள். அடாப்டர் ஒரு பெட்டியிலும் குக்கர் இன்னொன்றிலுமாகப் பிரித்து வைக்காதீர்கள், பெட்டி ஒன்று வந்து சேர நாளாகலாம்.